கணவர் படிக்க வந்தார், நான் எதற்கு வந்தேன்?

கேள்வி: எங்கள் ஊர் கும்பகோணம் பக்கம். என் கணவர் நெல் ஆராய்ச்சியில் முனைவர் பட்டம் செய்ய இலங்கையில் கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைக்கு வந்திருக்கிறார். நான் பி.காம். முடித்து ஒரு ஆடிட்டர் ஆபீஸில் ஆறு வருடம் இருந்தவள். வேலையை விட்டுவிட்டு அவரோடு வந்து நாலு மாதம் ஆகிறது. மலைச்சரிவில் ஒரு வீட்டின் அனெக்ஸில் இருக்கிறோம். காலை எட்டு மணிக்குப் போகிறவர் இரவு ஏழு மணிக்குத்தான் வருகிறார். மழை நிற்பதில்லை. பீரோவில் பட்டுப்புடவை மேல் பூஞ்சை பிடித்துவிட்டது, இட்லி மாவு பொங்க மாட்டேன் என்கிறது. சிங்களம் தெரியாததால் பஸ் ஏறவே பயம். பழைய ஆபீஸில் வீட்டிலிருந்தே ஜி.எஸ்.டி. கணக்கு பார்த்துத் தரச் சொல்கிறார்கள், செய்யலாமா என்று தெரியவில்லை. அவரைப் பார்த்தாலே எரிச்சல் வருகிறது. இன்னும் இரண்டரை வருடம் இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மழை, பூஞ்சணம், மாவு, பஸ், வேலை என்று வரிசையாக எழுதிவிட்டு, எரிச்சலைக் கடைசியில் ஒரு வரியில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்குப் படுவது என்னவென்றால், அந்த எரிச்சலுக்குக் காரணம் உங்கள் கணவரின் குணம் அல்ல. ஊரில் உங்கள் பெயரில் இருந்தவை இங்கே ஒன்றும் உங்கள் பெயரில் இல்லை. விசா அவருடைய படிப்பில் தொங்குகிறது. காசு அவர் கையிலிருந்து வருகிறது. கடைக்குப் போகவும் அவர் வேண்டும், வீட்டுக்காரரோடு பேசவும் அவர் வேண்டும். ஆறு வருடம் சம்பளம் வாங்கிய ஒருவருக்கு இது கசக்காமல் என்ன செய்யும்? ஆகவே ஒவ்வொன்றாக உங்கள் கைக்கு மாற்ற வேண்டும். முதலில் எதை, பிறகு எதை என்பதுதான் முக்கியம்.

முதலில் காகிதம். உங்கள் கடவுச்சீட்டை எடுத்து விசாப் பக்கத்தை நீங்களே வாசியுங்கள். முடியும் திகதி என்ன, அவருடைய திகதியும் உங்களுடையதும் ஒன்றுதானா, தொழில் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தங்கிப் படிப்பவரின் துணையாக வந்தவருக்கு வேலை செய்யும் உரிமை தானாகக் கிடைப்பதில்லை. சிலர் சுற்றுலா விசாவில் வந்து அதையே நீடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் நிலையும் அதுவானால், வதிவிட விசாவுக்கு மாறும் வழியைப் பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களைப் பார்க்கும் பிரிவில் இந்த வாரமே கேளுங்கள். விசாவைப் புதுப்பிக்கும்போது அவர் இன்னும் படிக்கிறார் என்ற கடிதம் தேவைப்படும். அவர் வருடாந்தப் பதிவைத் தள்ளிப் போட்டால் அந்தக் கடிதம் தாமதமாகும், உங்கள் விசாவும் சேர்ந்து இழுபடும். இப்படி மாட்டிக்கொள்பவர்கள்தான் அதிகம். பதிவு முடியும் திகதியைச் சமையலறை நாட்காட்டியில் எழுதி, இரண்டு மாதம் முன்பே ஞாபகப்படுத்தும் வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். திருமணப் பதிவுச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால், சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்று கையில் இருக்கட்டும். கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. உங்கள் விபரத்தை அங்கே பதிந்து வைப்பதால் நட்டமில்லை.

ஜி.எஸ்.டி. கணக்கு விஷயம். வாடிக்கையாளர் இந்தியாவில், காசு இந்திய வங்கியில், அப்புறம் இலங்கைக்கு என்ன என்று பலர் நினைக்கிறார்கள். அது அவ்வளவு நேராக இல்லை. வேலை செய்யும் ஆள் இருக்கும் இடமும் கணக்கில் வரும். வருமான வரியைப் பொறுத்தவரை, வரி வருடத்தில் தொடங்கும் அல்லது முடியும் ஏதாவது ஒரு பன்னிரண்டு மாத காலத்தில் 183 நாளோ அதற்கு மேலோ இங்கே தங்கினால் இலங்கை உங்களை வதிவாளராக எடுத்துக்கொள்ளும். வரி வருடம் இங்கும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரைதான். விசா பற்றிய கேள்வி வேறு. அதைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்திடம் எழுத்தில் கேளுங்கள். பதிலும் எழுத்தில் வரும் வரை ஒப்புக்கொள்ளாதீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் காசுக்கு டியூஷன் எடுப்பதும் தொழில்தான். ‘யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று சொல்பவர் உங்கள் விசாவுக்குப் பொறுப்பு நிற்கமாட்டார்.

அடுத்தது காசு. இந்திய சிம்மை மட்டும் செத்துப்போக விடாதீர்கள். வங்கியின் ஓ.டி.பி. அந்த நம்பருக்குத்தான் வரும். ரோமிங்கைத் திறந்து வைத்து, வெலிடிட்டி முடியும் முன் செயலி வழியாக ரீசார்ஜ் செய்துவந்தால் போதும். குறுஞ்செய்தி வந்தால் சரி, பேச்சுக்கு உள்ளூர் சிம் இருக்கிறது. உள்ளூர் சிம்மை உங்கள் கடவுச்சீட்டில், உங்கள் பெயரில் எடுங்கள். 2024 பெப்ரவரியிலிருந்து இந்திய யூ.பி.ஐ. இலங்கையில் லங்கா கியூ.ஆர். உள்ள கடைகளில் வேலை செய்கிறது. செயலியில் வெளிநாட்டுப் பாவனையை முதலில் திறந்துவிட வேண்டும். பெரிய கடைகளில் உதவும், மரக்கறிச் சந்தையில் எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டுக் கணக்கை முழுதாக நீங்கள் பொறுப்பெடுங்கள். ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவருக்கு நான் கணக்கு சொல்லித் தரத் தேவையில்லை, ஒன்றே ஒன்று: ஒவ்வொரு விலையையும் இந்திய ரூபாவாக மாற்றிப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். உளுந்து விலையைப் பார்த்து ஒவ்வொரு முறையும் நெஞ்சில் கை வைத்தால் கடைக்குப் போவதே தண்டனையாகிவிடும். இலங்கை ரூபாவில் மாத வரவு இவ்வளவு, வாடகை, கரண்ட், தண்ணீர், காஸ், சாப்பாடு இவ்வளவு என்று ஒரே நாணயத்தில் எழுதுங்கள். அதில் உங்கள் பெயருக்கு என்று ஒரு தொகை, அது ஆயிரம் ரூபாவாக இருந்தாலும், கேட்காமல் செலவழிக்கும் காசாக இருக்க வேண்டும்.

இனி வீடு. பூஞ்சணத்துக்கு மழையை மட்டும் குறை சொல்லாதீர்கள். மலைச்சரிவு அனெக்ஸ்களில் ஈரம் இரண்டு வழியில் வரும். மண்மேட்டை வெட்டிக் கட்டிய வீட்டில் பின்சுவர் மண்ணோடு ஒட்டி நிற்கும், அந்த மண்ணின் நீர் சுவருக்குள் ஊறி வரும். அல்லது சமையல் ஆவி, குளியலறை ஆவி, உள்ளே காயும் துணி எல்லாம் சேர்ந்து குளிர்ந்த சுவரில் வியர்க்கும். எது என்று தெரியாமல் பெயின்ட் அடிப்பது காசைக் கரைப்பது. ஒரு அடிக்கு ஒரு அடி பொலித்தீன் துண்டைச் சுவரில் வைத்து நாலு ஓரத்தையும் டேப்பால் இடைவெளி இல்லாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். பொலித்தீனின் பின்பக்கம், அதாவது சுவரைத் தொடும் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. முன்பக்கம் முத்து முத்தாக நின்றால் அறைக் காற்றிலிருந்து வருகிறது.

சுவரிலிருந்து என்றால் அது வீட்டுக்காரர் வேலை. மேட்டுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள காணில் (வடிகாலில்) இலை அடைத்திருக்கிறதா, கூரைப் பீலி அந்தப் பக்கம் வழிகிறதா, தாங்குசுவரில் தண்ணீர் வெளியேற விட்ட துளைகள் மண் மூடிக் கிடக்கின்றனவா என்று பார்த்து, படம் எடுத்து அவருக்கு அனுப்புங்கள். ‘வீடு ஈரமாக இருக்கிறது’ என்றால் ‘மலைநாடு அப்படித்தான்’ என்பார். அடைத்த காணின் படத்தைக் காட்டினால் ஆள் அனுப்புவார்.

காற்றிலிருந்து என்றால் வேலை உங்களுடையது. ஒக்டோபர், நவம்பரில் கண்டிப் பக்கம் காலை வெளிச்சமாக இருந்து, மழை பெரும்பாலும் பகல் இரண்டு மணிக்குப் பிறகு இடியோடு வரும். ஆகவே துணியை முதல் நாள் மாலையே தோய்த்து, பிழிந்து வைத்து, காலை ஏழு மணிக்கு வெளியே போட்டுவிடுங்கள். எழுந்து தோய்த்துப் பத்து மணிக்குப் போட்டால் பாதி காயும்போது மழை வந்துவிடும். எதிரெதிர் ஜன்னல்களைக் காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை திறந்து வையுங்கள். ஆனால் திறந்த ஜன்னலுக்கு கம்பிவலை கட்டாயம் வேண்டும். பேராதனை, ஹந்தானைப் பக்கத்துக் குரங்குகளுக்குப் பழக்கூடை எங்கே இருக்கிறது என்று உங்களை விட நன்றாகத் தெரியும். பீரோவைப் பின்சுவரிலிருந்து நகர்த்தி, உள்சுவர் ஒன்றுக்கு முன்னால், ஒரு கை நுழையும் இடைவெளி விட்டு வையுங்கள். அடியில் நாலு செங்கல் கொடுங்கள்.

பட்டுப்புடவையைப் பொலித்தீன் பையில் போட்டு மூடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உள்ளே மாட்டிய ஈரம் வெளியே போக வழியில்லாததால்தான் அது பூத்தது. வெளியே எடுத்து, நிழலில் விரித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மென்மையான பிரஷால் ஒரே திசையில் தட்டிவிடுங்கள். ஈரத்தில் துடைத்தால் கறை இழைக்குள் இறங்கும். பிறகு பழைய பருத்தி வேட்டியில் சுற்றி வையுங்கள். மாதம் ஒரு முறை எடுத்து மடிப்பை மாற்றாவிட்டால் ஜரிகை மடிப்பிலேயே கறுத்து அறுந்துவிடும். குளியலறை ஓட்டில் வரும் கறுப்புக்கு பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு போதும். அதோடு வினாகிரியையோ வேறு கழிவறைத் திரவத்தையோ கலக்கவே கூடாது, நச்சுக் காற்று வரும்.

மண்மேட்டைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிட வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலில் மலையகம் பட்ட பாடு உங்கள் அயலவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருக்கும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கையை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று கட்டமாக விடும். பொதுக் கணக்கு இது: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை என்றால் கவனம், 100 என்றால் வெளியேறத் தயார், 150 என்றால் வெளியேறு. அடியிலிருந்து வாய் வரை ஒரே அகலமான தகரப் பேணி (டின்) ஒன்றை மரம், கூரை மறைக்காத இடத்தில் வையுங்கள். காலை எட்டு மணிக்கு அடிமட்டத்தை உள்ளே விட்டு அளந்து, கொட்டிவிடுங்கள். ஏழரை சென்டிமீட்டர் நின்றால் அதுதான் 75 மில்லிமீட்டர். பேணி எவ்வளவு காட்டினாலும், சுவரில் புதிய வெடிப்பு, திடீரென இறுகிப்போன கதவு, சாய்ந்த மின்கம்பம், மேட்டிலிருந்து புதிதாக ஊறும் கலங்கல் தண்ணீர், இவற்றில் ஒன்றைக் கண்டால் கணவர் வரும் வரை காத்திராமல் வெளியேறுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. கடவுச்சீட்டுகளும் சான்றிதழ்களும் ஒரே பையில், கதவுக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

சமையலறைக்கு வருவோம். மாவு பொங்காததற்கு உங்கள் கைப்பக்குவம் காரணமில்லை, குளிர்தான். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு 30 பாகை (டிகிரி செல்சியஸ்) அளவு சூடு வேண்டும். கும்பகோணத்தில் அது சும்மா கிடைத்தது, கண்டியில் இரவு 20 பாகைக்கும் கீழே இறங்கும். செய்ய வேண்டியது இது. புழுங்கலரிசி மூன்று பங்கு, உளுந்து ஒரு பங்கு, வெந்தயம் ஒரு தேக்கரண்டி. ஊரில் நாலுக்கு ஒன்று போட்டிருந்தாலும் இங்கே மூன்றே போதும். ஊறவைக்கும் தண்ணீரும் அரைக்கும் தண்ணீரும் கை பொறுக்கும் வெதுவெதுப்பில் இருக்கட்டும். உளுந்தைத் தனியே, பஞ்சு போல வரும் வரை அரையுங்கள். கடையில் நாள்பட்டுக் கிடந்த உளுந்து எவ்வளவு அரைத்தாலும் நுரைக்காது, அப்படியானால் கடையை மாற்றுங்கள். கையாலேயே கலக்குங்கள். உப்பைக் காலையில் போடலாம். உப்பு புளிப்பை மெதுவாக்கும், சூட்டு ஊரில் அது நல்லது, இங்கே தேவையில்லை. பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். மீன்கடையிலோ மருந்துக்கடையிலோ மூடியுள்ள ரெஜிபோம் (தெர்மாகோல்) பெட்டி ஒன்று கேட்டு வாங்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்து, மாவுப் பாத்திரத்தையும் சுடுதண்ணீர் நிரப்பிய சில்வர் போத்தலையும் பக்கம் பக்கமாக உள்ளே வையுங்கள். ஒன்றையொன்று தொடக்கூடாது, தொட்டால் அந்தப் பக்க மாவு வெந்துவிடும். மாலை ஆறு மணிக்கு வைத்து, படுக்கப் போகும்போது தண்ணீரை ஒரு முறை மாற்றினால் காலை ஆறு, ஏழு மணிக்குப் பொங்கியிருக்கும். இன்னும் குளிரான நுவரெலியாவில் இருப்பவர்கள் இன்னும் இரண்டு முறை மாற்ற வேண்டிவரும். பொங்காத நாளில் அப்பச்சோடாவைக் கொட்டிச் சமாளிக்காதீர்கள், தோசையாக ஊற்றிவிடுங்கள். தினமும் இட்லிதான் வேண்டும் என்றும் இல்லை. கோதுமை மா இரண்டு கப், துருவிய தேங்காய் ஒரு கப், பச்சைமிளகாய், வெங்காயம், உப்பு போட்டுப் பிசைந்து தட்டிச் சுட்ட ரொட்டிக்கு எதுவும் புளிக்கத் தேவையில்லை.

நீங்கள் சைவம் என்றால் கடைச் சம்பலில் கவனம். தேங்காய்ச் சம்பல், சீனிச் சம்பல், கீரை மெல்லுங் மூன்றிலும் மாசிக் கருவாடு பெரும்பாலும் தூளாகக் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. ‘உம்பலகட நெதுவ’ (மாசி இல்லாமல்) என்று கேட்டு வாங்குங்கள். காஸ் சிலிண்டர் இங்கே 12.5 கிலோ. ஊர் ரெகுலேட்டர் பொருந்தும் என்று நம்பாமல் இங்கேயே வாங்குங்கள். ஊர் மிக்சியின் உருண்டை முள் பிளக்கை, பேனாவால் மேல் துளையைக் குத்தித் திறந்து செருகும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. செய்யாதீர்கள், மிக்சிக்கு எர்த் கிடைக்காது. 13 ஆம்பியர் மாற்றுப்பிளக் ஒன்று வாங்கினால் தீர்ந்தது.

பஸ்ஸுக்குப் பயப்படுவதை மூன்று வாரத்தில் தீர்க்கலாம். முதல் வாரம் கணவரோடு ஏறி, நீங்களே டிக்கெட் வாங்குங்கள். அடுத்த வாரம் அவர் பின்சீட்டில் வாய் திறக்காமல் இருக்கட்டும். மூன்றாம் வாரம் தனியே. பேராதனையிலிருந்து கண்டி ஆறு கிலோமீட்டர் அளவுதான், பஸ் அடிக்கடி உண்டு. சில்லறைத் தாள்கள் கையில் இருக்கட்டும். ‘கீயத’ என்றால் எவ்வளவு, ‘பஹினவா’ என்றால் இறங்குகிறேன். தொடங்க இந்த இரண்டும் போதும், கண்டி நகரக் கடைகள் பலவற்றில் தமிழே போதும். திரும்பி வரும்போது நீங்கள் இறங்க வேண்டிய இடத்துக்கு முந்திய தரிப்பிடத்தில் கண்ணில் படும் கடை ஒன்றை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மழையில் ஜன்னல் மூடியிருந்தால் ஒன்றும் தெரியாது என்பதால், போனில் வரைபடத்தையும் திறந்து வையுங்கள். கண்டி எசல பெரஹரா என்ற ஊர்வலத் திருவிழா நாட்களில், ஜூலை அல்லது ஓகஸ்டில், நகரப் பாதைகள் பிற்பகலிலேயே மூடப்படும். அந்த வாரம் வேலையைக் காலையிலேயே முடித்துவிடுங்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் போயா விடுமுறை, அலுவலகம் எதுவும் திறக்காது.

பழக ஆள் வேண்டும் என்றால் ஒரே இடத்துக்கு ஒரே நாளில், ஒரே நேரத்தில் தொடர்ந்து போங்கள். இன்று ஒரு இடம் நாளை ஒரு இடம் என்றால் யாரும் உங்களை அடையாளம் காணமாட்டார்கள். பல்கலைக்கழக வளவுக்குள் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது, வெள்ளிக்கிழமைகளில் போய்ப் பாருங்கள். கண்டியில் டி. எஸ். சேனாநாயக்க பொது நூலகம் உண்டு. அயல்வீட்டில் சிங்களம் பேசும் ஒருவரிடம் நீங்கள் சிங்களம் படித்து, அவருக்குத் தமிழ் சொல்லிக் கொடுங்கள். காசு கைமாறாத பரிமாற்றம் என்பதால் இரண்டு பேருக்கும் கூச்சம் இராது.

காய்ச்சல் வந்தால் மட்டும் ஊர் மருந்துப் பெட்டியைத் திறக்காதீர்கள். கண்டிப் பக்கம் டெங்கு உண்டு. பரசிட்டமோல் தவிர இபுபுரோபன், அஸ்பிரின் எதுவும் வேண்டாம், இரத்தக்கசிவைக் கூட்டும். மூன்றாம் நாளும் காய்ச்சல் இருந்தால் முழு இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரைப் பாருங்கள். அம்புலன்ஸுக்கு 1990, கட்டணம் இல்லை. தூக்கமில்லாமை, பசியின்மை, காரணமில்லாத அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அதையும் காய்ச்சலைப் போலவே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். 1926 மனநல உதவி இலக்கம்.

கடைசியாக, உங்கள் கணவர். அவர் செருப்பைக் கழற்றும்போதே அன்றைய முறைப்பாடு முழுவதையும் சொன்னால் அவர் காதில் விழப்போவது உங்கள் குரலின் உயரம் மட்டும்தான். கிழமையில் இரண்டு இரவு, சாப்பிட்ட பிறகு அரை மணி நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சொல்ல வேண்டியதைத் துண்டில் எழுதி வைத்துப் பேசுங்கள். முதல் இரவிலேயே அவருடைய வேலை நாட்காட்டியைக் கேளுங்கள். நெல் ஆராய்ச்சி செய்பவருக்கு வருடம் ஒரே மாதிரி ஓடாது. பெரும்போகம் செப்டெம்பரில் தொடங்கி மார்ச் வரை, சிறுபோகம் மே முதல் ஓகஸ்ட் வரை. விதைப்பிலும் அறுவடையிலும் அவர் வயலில்தான் கிடப்பார், நீங்கள் என்ன சொன்னாலும் சீக்கிரம் வரமாட்டார், வரவும் முடியாது. இடையில் சில வாரங்கள் இளகும். ஊருக்குப் போய்வரும் பயணத்தைப் பெரும்போக அறுவடை நாட்களில் வையுங்கள், அவர் இளகியிருக்கும் வாரங்களில் இங்கே இருங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு, அவர் ஓய்வாக இருக்கும்போது தாங்கள் ஊரிலும், அவர் தலைகால் தெரியாமல் ஓடும்போது தாங்கள் இங்கேயுமாக இருக்கிறார்கள். டிக்கெட் போடும் முன் விசாவில் மீண்டும் நுழைய அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். திரும்பி வரும்போது பட்டுப்புடவைகளில் பாதியை ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.